இருபது பாட்டும் ஒரு வேலியும்

ராக் இசைக்காரர் ஒருவர் ஒப்பந்தம் முடிந்து வேறு இசைத்தட்டு நிறுவனத்துக்குப் போனதும், பழைய நிறுவனம் அநேகமாகத் தவறாமல் செய்கிற வேலை ஒன்று உண்டு. அவர் விட்டுச் சென்ற ஒலிப்பதிவுகளில் நன்றாக ஓடியவற்றைப் பொறுக்கியெடுத்து, புது அட்டை போட்டு, 'சிறந்த பாடல்கள்' என்றோ 'பொற்காலம்' என்றோ ஒரு பேர் வைத்துத் தொகுப்பாக வெளியிடும். ஸ்டுடியோ வாடகை இல்லை, வாத்தியக்காரர்களுக்குச் சம்பளம் இல்லை, பாடியவரின் சம்மதம்கூடப் பெரும்பாலும் தேவைப்படாது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்களே, யானை பக்கத்து ஊருக்குப் போனாலும் ஆயிரம் பொன்தான். டேவிட் போவி 1983-ல் ஈஎம்ஐக்குப் போய் 'லெட்ஸ் டான்ஸ்' வெளியிட்டுப் புகழின் உச்சியில் நின்ற அதே ஆண்டில், பழைய நிறுவனமான ஆர்சிஏ 'கோல்டன் இயர்ஸ்' என்ற தொகுப்பைக் கடைக்கு அனுப்பியது. புது நிறுவனம் செலவழித்த விளம்பரத்தில் பழைய சரக்கும் விற்றது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு டெக்காவிடமிருந்து விலகிச் சொந்தமாக நிறுவனம் தொடங்கியபோது, டெக்கா 1971-ல் 'ஸ்டோன் ஏஜ்' என்றொரு தொகுப்பைப் போட்டது. அது தங்களுக்குத் தெரியாமல் வந்தது, தரமும் போதாது என்று அந்தக் குழுவினர் இசைப் பத்திரிகைகளில் காசு கொடுத்து விளம்பரம் செய்தார்கள். சொந்தப் பாட்டுக்கு எதிராகச் சொந்தக் காசில் விளம்பரம்!

இதைப் பற்றிய பேச்சு வழக்கமாகப் பணத்திலேயே நின்றுவிடும். நிறுவனம் பேராசைக்காரன், கலைஞன் ஏமாளி. அல்லது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு புலம்புவதேன் என்ற எதிர்வாதம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இந்தத் தொகுப்புகள் செய்கிற பெரிய காரியம் பணத்தில் இல்லை, கேட்பவர் காதில் நடக்கிறது. நிறுவனம் தன்னிடம் உள்ள ஒலிப்பதிவுகளை மட்டுமே தொகுக்க முடியும். ஆக, ஒப்பந்தம் எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிந்ததோ, அந்த எல்லைக்குள் மட்டுமே தொகுப்பு நிற்கும். தலைமுறை தலைமுறையாக மக்கள் அதையே வாங்கிக் கேட்கும்போது, வக்கீல்கள் போட்ட அந்த வேலி, கலைஞனின் திறமை தொடங்கி முடிந்த எல்லையாகவே தோன்ற ஆரம்பிக்கிறது. இதைக் காட்ட அமெரிக்காவின் ஜான் ஃபோகெர்ட்டியை விடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கடினம். அவருடைய பழைய நிறுவனம் அவரில்லாமல் ஒரு தொகுப்பும், அவரோடு சேர்ந்து இன்னொரு தொகுப்பும் வெளியிட்டது. இரண்டுக்கும் நடுவில் 29 ஆண்டுகள்.

கலிஃபோர்னியாவில் பெர்க்லியை ஒட்டிய எல் செரிட்டோ என்ற சிற்றூரில் பள்ளிக்கூட நண்பர்கள் சேர்ந்து தொடங்கியது ஃபோகெர்ட்டியின் குழு. ஜான் ஃபோகெர்ட்டி, அவருடைய அண்ணன் டாம், பாஸ் கிதார் வாசித்த ஸ்டூ குக், டிரம்ஸ் வாசித்த டக் கிளிஃபர்ட் என்று நால்வர். 1960-களின் நடுவிலேயே ஃபேன்டஸி ரெக்கார்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்தில் சேர்ந்துவிட்டார்கள். டேவ் புரூபெக் முதலானோரின் ஜாஸ் இசையால் அறியப்பட்டிருந்த அந்த நிறுவனத்தில் விற்பனையாளராக இருந்த சால் ஜேன்ட்ஸ், 1967-ல் கூட்டாளிகளோடு சேர்ந்து அதையே விலைக்கு வாங்கினார். அடுத்த ஆண்டு 'க்ரீடன்ஸ் க்ளியர்வாட்டர் ரிவைவல்' என்ற புதுப் பேரில் குழுவின் முதல் ஆல்பம் வந்தது. 1969 என்ற ஒரே ஆண்டில் மூன்று ஆல்பங்கள். 'ப்ரவுட் மேரி', 'பேட் மூன் ரைசிங்', 'க்ரீன் ரிவர்', 'ஃபார்ச்சுனேட் சன்' என்று வரிசையாகப் பாட்டுகள். குழுவின் ஐந்து சிங்கிள்கள் அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போயின. ஒன்றுகூட முதலிடத்தைத் தொடவில்லை என்பது ராக் வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று. இந்தப் பாட்டுகளை எழுதியது, முன்னணிக் கிதார் வாசித்தது, பாடியது, ஒலிப்பதிவை நின்று நடத்தியது எல்லாம் ஜான். 1971-ல் அண்ணன் விலகினார். 1972-ல் குழு கலைந்தது.

கலைந்த குழுவின் ஒப்பந்தம் கலையவில்லை. இங்கே சாதாரண வாசகர் அறிய வேண்டிய சங்கதி ஒன்று: ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. வார்த்தையும் மெட்டும் சேர்ந்த பாடல் ஒன்று. அதைக் குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட ஆட்கள் பாடி வாசித்துப் பதிந்த ஒலிப்பதிவு இன்னொன்று. பாடலின் உரிமை பதிப்பு நிறுவனத்திடம் இருக்கும், ஒலிப்பதிவின் உரிமை இசைத்தட்டு நிறுவனத்திடம் இருக்கும். ஃபோகெர்ட்டி விஷயத்தில் இரண்டுமே ஃபேன்டஸியின் கையில். இது போதாதென்று, அந்த ஒப்பந்தம் இன்னும் ஏராளமான புதுப் பாட்டுகளை அவர் பதிந்து தரவேண்டும் என்று கட்டிப்போட்டிருந்தது. நிறுவனத்தின் ஆலோசனைப்படி பஹாமாஸில் ஒரு வங்கியில் போட்டு வைத்த சேமிப்பும் அந்த வங்கியோடு மூழ்கிப்போனது. கடைசியில் அவர் எடுத்த முடிவு விபரீதமானது. க்ரீடன்ஸ் ஒலிப்பதிவுகளிலிருந்து தனக்கு வரவேண்டிய ராயல்டியை விட்டுக்கொடுத்து விடுதலை வாங்கினார். க்ரீடன்ஸ் பாட்டுகள் ஈட்டிய செல்வத்தில் வளர்ந்த ஜேன்ட்ஸ் சினிமாவுக்குப் போய், 'ஒன் ஃப்ளூ ஓவர் தி குக்கூஸ் நெஸ்ட்', 'அமாடியஸ்', 'தி இங்கிலிஷ் பேஷன்ட்' என்று மூன்று படங்களுக்குச் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கினார். நல்ல படங்கள்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

1976-ல் ஃபேன்டஸி 'க்ரானிகிள்' என்ற தொகுப்பை வெளியிட்டது. இருபது பாட்டுகள், இரண்டு இசைத்தட்டுகள். அமெரிக்காவில் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் போனதற்கான வைரச் சான்று பெற்ற ஆல்பம் அது. பில்போர்ட் ஆல்பப் பட்டியலில் 500 வாரங்களைக் கடந்து நின்றிருக்கிறது. இதை மட்டமான சரக்கு என்று ஒதுக்க முடியாது. ஒரு தொகுப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கே அதை உதாரணமாகக் காட்டலாம். சிங்கிளாக வந்த பாட்டுகளை ஏறக்குறைய வந்த வரிசையிலேயே அடுக்கியதால், 1968-ல் பிறர் பாட்டுகளை எடுத்து வாசித்துக்கொண்டிருந்த குழு, நான்கு ஆண்டுகளில் தன் குரலைக் கண்டுபிடித்து, உச்சிக்குப் போய், களைத்து, நின்றுபோகிற கதை தானாகவே கேட்கிறது. இரண்டரை மூன்று நிமிடப் பாட்டுகளுக்கு நடுவே பதினோரு நிமிடம் ஓடும் ஒரு பாட்டையும் குறைக்காமல் வைத்தார்கள். கட்டுக்கோப்பு அவ்வளவு கச்சிதம். கச்சிதமாக இருப்பதில்தான் சிக்கலும் இருக்கிறது. இருபதாவது பாட்டு முடிந்ததும் கதை முடிந்தது என்ற எண்ணம் கேட்பவருக்கு இயல்பாக வந்துவிடுகிறது. பாடியவர் செத்துப்போனதாக நினைத்தாலும் வியப்பில்லை.

அந்தத் தொகுப்பு வெளியாவதற்கு முந்தைய ஆண்டுதான் ஃபோகெர்ட்டி அசைலம் நிறுவனத்தில் தன் பேரிலேயே ஒரு ஆல்பம் போட்டிருந்தார். அதில் 'ராக்கிங் ஆல் ஓவர் தி வேர்ல்ட்' என்ற பாட்டு இருக்கிறது. இரண்டு ஆண்டு கழித்து ஸ்டேட்டஸ் க்வோ என்ற பிரிட்டிஷ் குழு அதை எடுத்துப் பாடியது. 1985-ல் லண்டனில் நடந்த லைவ் எய்ட் நிகழ்ச்சி அந்தப் பாட்டோடுதான் தொடங்கியது. ஐரோப்பாவில் அதைத் தெரியாதவர்கள் குறைவு. எழுதியவர் 'ப்ரவுட் மேரி' எழுதிய அதே மனிதர் என்று தெரிந்தவர்களும் குறைவு. பாட்டு தரம் குறைந்ததால் வந்த மறதி என்று இதைச் சொல்ல வழியில்லை. அது வேலிக்கு வெளியே முளைத்தது, அவ்வளவுதான். கோடிக்கணக்கான வீடுகளுக்குள் போன தொகுப்பில் அது இருக்க வழியே இல்லை.

அந்த எல்லை உண்மையானதுதானே என்று ஒருவர் மறுக்கலாம். 1972-ல் குழு கலைந்தது கற்பனையல்ல. பிறகு வந்தவை தனிமனிதரின் ஆல்பங்கள். க்ரீடன்ஸ் தொகுப்பில் க்ரீடன்ஸ் மட்டும் இருப்பதில் என்ன தவறு? இதற்குப் பதில் சொல்ல நான் சிரமப்பட வேண்டியதில்லை, ஃபேன்டஸியே நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது. 1985-ல் வார்னர் நிறுவனத்துக்காக ஃபோகெர்ட்டி வெளியிட்ட 'சென்டர்ஃபீல்ட்' முதலிடம் பிடித்தது. அதில் 'தி ஓல்ட் மேன் டவுன் தி ரோட்' என்ற பாட்டு, 1970-ல் வந்த க்ரீடன்ஸின் 'ரன் த்ரூ தி ஜங்கிள்' பாட்டின் நகல் என்று ஃபேன்டஸி வழக்குப் போட்டது. இரண்டையும் எழுதியவர் ஒரே ஆள். முதல் பாட்டின் உரிமை நிறுவனத்திடம் இருந்ததால், தன்னிடமிருந்தே திருடிய குற்றம் அவர் மேல்! 1988-ல் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் அவர் கிதாரோடு சாட்சிக் கூண்டில் ஏறி, தன் பாட்டுகள் எப்படிப் பிறக்கின்றன, ஒரு பாணி எங்கே முடிகிறது, ஒரு பாட்டு எங்கே தொடங்குகிறது என்று வாசித்தே காட்டினார். ஜூரிகள் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள்.

இந்த வழக்கை விந்தைச் செய்தியாக எழுதிவிட்டுப் போவதுதான் வழக்கம். ஆனால் தொகுப்பு ஆல்பத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதற்கு வேறு அர்த்தம் வருகிறது. கடையில் விற்கும்போது க்ரீடன்ஸின் கதை 1972-ல் முடிந்துவிட்டது. நீதிமன்றத்தில் பணம் கேட்கும்போது மட்டும், 1970-ல் பாடியவனும் 1985-ல் பாடுகிறவனும் பிரித்தறிய முடியாத ஒரே குரல். சட்டப்படி ஃபேன்டஸி தோற்றிருக்கலாம். காதுள்ளவர்களுக்கு அதன் வாதத்தில் பாதி சரிதான். தாழ்ந்த சுருதியில் உறுமும் அந்தக் கிதாரும், சதுப்பு நிலத்துப் புழுக்கம் போல் இறங்கும் அந்தத் தாளமும் ஒப்பந்தத்தோடு கலைந்துபோகவில்லை. அதற்கான சாட்சியத்தை வேலி போட்டவர்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். வழக்குச் செலவைத் திருப்பிக் கேட்டு ஃபோகெர்ட்டி உச்ச நீதிமன்றம் வரை போனார். பதிப்புரிமை வழக்கில் ஜெயித்த வாதிக்குச் செலவுத்தொகை தரும்போது என்ன அளவுகோலோ, ஜெயித்த பிரதிவாதிக்கும் அதே அளவுகோல்தான் என்று 1994-ல் அந்த நீதிமன்றம் சொன்னது. பிறகு அவருக்குக் கிடைத்த தொகை 13 லட்சம் டாலருக்கு மேல். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் ராக் இசையே கேட்காத மாணவர்களும் அவர் பேரை இந்த வழக்கால் அறிவார்கள்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. பழைய நிறுவனம் தொகுத்து வைக்காவிட்டால் அந்தப் பாட்டுகள் என்னவாகியிருக்கும்? ஜேன்ட்ஸ் மேல் இருந்த கோபத்தில் ஃபோகெர்ட்டி பதினைந்து ஆண்டுக் காலம் மேடையில் க்ரீடன்ஸ் பாட்டுகளைப் பாடவே மறுத்தார். அந்தக் காலத்தில் அவற்றைப் பெரும்பாலும் பாடிக்கொண்டிருந்தது 'க்ரானிகிள்'தான். 1987-ல் லாஸ் ஏஞ்சலஸில் பாலமினோ என்ற கிளப்பில் தற்செயலாக ஒரே மேடையில் நின்றபோது, நீ பாடாமலிருந்தால் 'ப்ரவுட் மேரி' டீனா டர்னரின் பாட்டு என்று உலகம் நினைத்துவிடும் என்று பாப் டிலன் அவரைத் தூண்டியதாக ஃபோகெர்ட்டியே சொல்லியிருக்கிறார். அதே ஆண்டு ஜூலை 4 அன்று வியட்நாம் போர் வீரர்களுக்கான நிகழ்ச்சியில் பழைய பாட்டுகளை மறுபடி எடுத்தார். இந்தக் கடனை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கலைஞன் தன் பாட்டைத் தானே புதைக்க நின்றபோது அதைக் காப்பாற்றியது அவன் வெறுத்த கடைக்காரன்தான். ஆனால் கடைக்காரன் பொறுப்பான காவலனாகவும் இருந்தான் என்று இதை நீட்டிவிடக் கூடாது. 1980-ல் ஃபேன்டஸி ஒரு நேரடி நிகழ்ச்சி ஆல்பத்தை லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பதிந்தது என்று அட்டையில் போட்டு வெளியிட்டது. உள்ளே இருந்ததோ கலிஃபோர்னியாவில் ஓக்லண்ட் அரங்கில் பதிந்தது. பிறகு தலைப்பை மாற்றினார்கள். உண்மையான ஆல்பர்ட் ஹால் பதிவு வெளிவர 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பதிந்த ஊரையே மாற்றிச் சொன்ன அலமாரி அது.

2004-ல் கான்கார்ட் நிறுவனம் ஃபேன்டஸியை வாங்கியது. ஜேன்ட்ஸ் விலகிப் போனதும் புது முதலாளிகள் செய்த முதல் நல்ல காரியம், ஃபோகெர்ட்டி விட்டுக்கொடுத்திருந்த ராயல்டியை அவருக்குத் திரும்பத் தந்தது. அவரும் பழைய பேர்ப்பலகையின் கீழேயே திரும்பி வந்தார். 2005 நவம்பரில் வந்தது 'தி லாங் ரோட் ஹோம்', வீடு திரும்பும் நெடும்பாதை. 25 பாட்டுகள். க்ரீடன்ஸ் ஒலிப்பதிவுகளும் தனி ஆல்பப் பாட்டுகளும் முதன்முறையாக ஒரே தட்டில் சேர்ந்தன. இங்கே வரிசையைக் கவனிக்க வேண்டும். கால வரிசை இல்லை. 1969-ன் 'பேட் மூன் ரைசிங்' முடிந்ததும் 1985-ன் 'சென்டர்ஃபீல்ட்' வருகிறது, அதை அடுத்து 1970-ன் பாட்டு. வழக்கில் மாட்டிய 'தி ஓல்ட் மேன் டவுன் தி ரோட்' க்ரீடன்ஸ் பாட்டுகளின் நடுவில், யாரும் கேள்வி கேட்காமல் உட்கார்ந்திருக்கிறது. நீதிமன்றத்தில் கிதாரோடு சொன்னதை இந்த ஆல்பம் வரிசையாலேயே சொல்கிறது. கேட்கக் கேட்க 1972 என்ற கோடு மங்கிப்போகிறது. 'க்ரானிகிள்' குழுவின் வரலாறு என்றால் இதை ஒரு மனிதரின் வரலாறு எனலாம்.

முழு வரலாறா என்றால், இல்லை. அந்த ஆல்பத்தின் துணைத்தலைப்பில் ஃபோகெர்ட்டியின் பேர் முன்னால், க்ரீடன்ஸ் பின்னால். குக்கும் கிளிஃபர்டும் இதைப் பார்த்து முகம் சுளித்திருந்தால் அதில் நியாயம் உண்டு. அந்தத் தாளம் அவர்களுடையது. அண்ணன் டாம் 1990-ல் இறந்தபோதும் சகோதரர்களுக்குள் மனஸ்தாபம் தீரவில்லை. 1993-ல் ராக் அண்ட் ரோல் புகழரங்கத்தில் குழுவைச் சேர்த்தபோது பழைய தோழர்களோடு ஒரே மேடையில் வாசிக்க ஜான் மறுத்தார். கலைஞன் தொகுத்தால் தொகுப்பு நியாயமாகிவிடும் என்று நான் வாதிடவில்லை. அவனும் வேலி போடுவான், தன் பக்கத்துக்குச் சாதகமாக. வித்தியாசம் இதுதான்: அவன் போடும் வேலிக்குக் காரணம் கேட்கலாம், பதிலுக்குச் சண்டை போடலாம். ஒப்பந்தத் தேதி போட்ட வேலி அங்கே இருக்கிறது என்பதே கேட்பவருக்குத் தெரியாது.

பழைய நிறுவனத்தின் எல்லைக்குள் நின்றே நல்ல தொகுப்புப் போட முடியாதா? முடியும். நீல் யங்கின் 'லக்கி தர்ட்டீன்' அதற்குச் சாட்சி. 1980-களில் அவர் கெஃபன் நிறுவனத்தில் இருந்தபோது கணினிக் குரல், பழைய ராக்கபிலி, கன்ட்ரி என்று ஆல்பத்துக்கு ஆல்பம் வேஷம் மாற்ற, இவை நீல் யங் இசை போலவே இல்லை என்று நிறுவனம் 1983-ல் 33 லட்சம் டாலர் கேட்டு அவர் மேலேயே வழக்குப் போட்டது. அவர் விலகிய பிறகு, 1993-ல் அதே நிறுவனம் அந்தக் காலத்துப் பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டது; பொறுக்கியது அவரே. எல்லாரும் தோல்வி என்று எழுதிவைத்த ஆண்டுகளில் என்ன தேடிக்கொண்டிருந்தார் என்பது அதில் ஓரளவு புரிகிறது. அங்கே ஒப்பந்த எல்லைக்கு அர்த்தம் இருக்கிறது, ஏனென்றால் ஆல்பம் அந்தச் சண்டை நடந்த ஆண்டுகளைப் பற்றியது.

இன்றைக்கு யார் தொகுப்பு வாங்குகிறார்கள், கைப்பேசியில் எல்லாப் பாட்டும் கிடக்கிறதே என்பார்கள். எல்லாம் கிடக்கும்போது மனிதர்கள் தேடுவது சுருக்கத்தைத்தான். 'க்ரானிகிள்' இன்றும் பட்டியலில் நிற்பதற்கு ஸ்ட்ரீமிங்கும் ஒரு காரணம். குழுவின் பேரைத் தேடுகிறவர் முன்னால் வந்து நிற்பவை பெரும்பாலும் அதே பாட்டுகள்தான். இசைத்தட்டுக் கடைகள் மூடிவிட்டன, 1976-ல் அடுக்கிய அடுக்கு அப்படியே இருக்கிறது.

2023 ஜனவரியில் ஃபோகெர்ட்டி தன் க்ரீடன்ஸ் பாடல்களின் பதிப்புரிமையில் பெரும்பங்கை கான்கார்டிடமிருந்து வாங்கினார். எழுதி அரை நூற்றாண்டு கழித்துத் தன் பாட்டுக்குச் சொந்தக்காரர் ஆனார். பழைய ஒலிப்பதிவுகள் மட்டும் இன்னும் நிறுவனத்திடம். 2025 ஆகஸ்டில், எண்பது வயதில், மகன்களைக் கூட வைத்துக்கொண்டு அந்தப் பாட்டுகளைப் புதிதாகப் பாடிப் பதிந்து 'லெகஸி' என்ற ஆல்பமாக வெளியிட்டார். ஒவ்வொரு பாட்டின் பேரோடும் 'ஜானின் வடிவம்' என்ற குறிப்பு. 'க்ரானிகிள்' தொகுத்தவர்கள் சிங்கிள்களைப் பார்த்தார்கள் என்றால், இவர் தான் எழுதியதா என்று மட்டும் பார்த்தார். பிறர் பாட்டுகளை விட்டுவிட்டு, அதில் இல்லாத 'பார்ன் ஆன் தி பாயு' போன்றவற்றைச் சேர்த்தார். எண்ணிக்கை இங்கேயும் இருபதுதான். துணைத்தலைப்பு 'க்ரீடன்ஸ் க்ளியர்வாட்டர் ரிவைவல் ஆண்டுகள்'. 'சென்டர்ஃபீல்ட்' இல்லை, 'ராக்கிங் ஆல் ஓவர் தி வேர்ல்ட்' இல்லை, வழக்கில் ஜெயித்த அந்தப் பாட்டும் இல்லை. இந்த முறை யாரும் தடுக்கவில்லை. அவரே 1972-ல் நிறுத்திக்கொண்டார்.